அமெரிக்காவில் சம்பளமில்லாக் குடும்ப, மருத்துவ விடுப்பு: யாருக்கு உரிமை?

அமெரிக்காவில் 1993இல் இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி, தகுதியுள்ள ஊழியர் 12 மாதங்களில் 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். அந்த நாட்களில் நிறுவனம் வழங்கும் மருத்துவக் காப்பீடு தொடரும். ஊழியர் தம் பங்குப் பிரீமியத்தைக் கட்டிவர வேண்டும். விடுப்பு முடிந்ததும் பழைய வேலையையோ அதற்கு இணையான வேலையையோ நிறுவனம் திருப்பித் தர வேண்டும்.

இந்த உரிமை எல்லா ஊழியருக்கும் கிடையாது. தனியார் நிறுவனம் என்றால், நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ 20 வாரமாவது 50 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்க வேண்டும். அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் ஆள் எண்ணிக்கை பாராமல் சட்டம் கட்டுப்படுத்தும். அடுத்து, ஊழியர் அங்கே மொத்தம் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். இது தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அவர் பணிபுரியும் இடத்திலிருந்து 75 மைல் தொலைவுக்குள் அந்த நிறுவனத்துக்குக் குறைந்தது 50 ஊழியர்கள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு, அவர் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறாரோ அதுவே பணியிடம்.

பலர் தடுக்கி விழுவது மணிக்கணக்கில்தான். விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் 1,250 மணி நேரம் உண்மையிலேயே வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்துடன் எடுத்த விடுப்பு இதில் சேராது. வாரம் 24 மணி நேர வேலையில் 52 வாரமும் தவறாமல் வந்தவருக்கும் 1,248 மணிதான் தேறும். இரண்டு மணி நேரக் குறைவால் உரிமை போய்விடும். ஆகவே வேலை நேரக் குறிப்பைச் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தைப் பிறப்பு, தத்தெடுப்பு, ஊழியரின் கடும் நோய், நோயுற்ற கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரைக் கவனிப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். 18 வயது கடந்த பிள்ளை என்றால், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவராக இருக்க வேண்டும். மாமனார், மாமியார், உடன்பிறந்தோர் இந்தப் பட்டியலில் இல்லை. சில மாநிலச் சட்டங்கள் இதைவிடத் தாராளமானவை: கலிபோர்னியாவில் 5 ஊழியர் உள்ள நிறுவனமும் கட்டுப்படும், மாமனார், மாமியாரும் அடங்குவர்.

முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு 30 நாள் முன்னதாகவும், திடீர்த் தேவைக்கு இயன்றவரை விரைவாகவும் தகவல் சொல்ல வேண்டும். தகுதி உண்டா இல்லையா என்று நிறுவனம் 5 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மருத்துவச் சான்று கேட்டால், அதைக் கொடுக்க ஊழியருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு.

உரிய விடுப்பை மறுப்பதும், விடுப்பு கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதும், அந்த நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிடுவதும் சட்ட விரோதம். பாதிக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவில் புகார் செய்யலாம். நேரடியாக நீதிமன்றத்துக்கும் போகலாம். வென்றால் இழந்த சம்பளம், வட்டி, இழப்பீடு கிடைக்கக்கூடும். வேலையும் திரும்பக் கிடைக்கக்கூடும். வழக்குத் தொடர 2 ஆண்டுதான் கெடு. நிறுவனம் தெரிந்தே சட்டத்தை மீறியிருந்தால் 3 ஆண்டு.