சேர்விஸ் காசும் காணித் தரகரும்

ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வரும். அதோடு ஈ.டி.எப். காசும் சேர்விஸ் காசும் வரும். தோட்டத்தில் இன்னார் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி பக்கத்து லயத்துக்குத் தெரிகிறதோ இல்லையோ, டவுனில் இருக்கும் காணித் தரகருக்குத் தெரிந்துவிடுகிறது. "ஐயா, நல்ல துண்டு ஒன்னு இருக்கு. நாளைக்கு வேற ஆள் வருது. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுட்டா உங்களுக்குத்தான்" என்று வாசலில் வந்து நிற்கிறார்.

ஆசை நியாயமானதுதான். பரம்பரை பரம்பரையாக லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தப் பெயரில் ஒரு துண்டுக் காணி என்பது சின்ன விஷயமா? ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். கணக்குக்காக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்தால், 30 வருடம் உழைத்தவருக்கு 420,000 ரூபாய். முப்பது வருட மழையும் அட்டைக்கடியும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கிறது. அது போனால் திரும்பச் சம்பாதிக்க இன்னொரு முப்பது வருடம் இல்லை.

தரகர் என்றால் எல்லாரும் கள்ளர் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காக நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தரகர் வேலைக்குப் படிப்போ பரீட்சையோ யாரும் கேட்பதில்லை. நேற்று ஆட்டோ ஓட்டியவர் இன்று தரகர். ஆகவே ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வது உங்கள் வேலை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தம்பி, நீங்க யாருக்காகப் பேசுறீங்க? உங்களுக்கு யார் காசு தாறாங்க?" என்பது. விற்கிறவரிடம் தரகு வாங்குகிறவருக்கு விலை கூடினால் லாபம். இரண்டு பக்கமும் வாங்குகிறவரும் உண்டு. நூற்றுக்கு மூன்று என்று பலர் கேட்கிறார்கள். எவ்வளவு என்பதை முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உறுதி எழுதிய பிறகே தரகு கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். காணி பார்க்கப் போவதற்கே "செலவுக்கு" என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கிறவரை அத்தோடு விட்டுவிடலாம்.

அவர் இதற்கு முன் யார் யாருக்குக் காணி வாங்கிக் கொடுத்தார் என்று விசாரியுங்கள். நல்ல தரகர் மறைக்கமாட்டார். ஹட்டனிலோ கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ வாங்கிய இரண்டு குடும்பங்களின் இடத்தைக் காட்டுவார். தரகர் இல்லாத நேரத்தில் அந்த வீடுகளுக்குப் போய், "உறுதி கைக்கு வந்துருச்சா? பாதை கிடைச்சுதா? தண்ணி வருதா?" என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டத் தயங்குகிறவர், மகனையோ மகளையோ கூட்டி வரவேண்டாம் என்கிறவர், "இதை யாருக்கும் சொல்லாதீங்க, கண் பட்டுரும்" என்கிறவர், இவர்களோடு வியாபாரமே வேண்டாம்.

இனி அட்வான்ஸ் விஷயம். கூடுதலாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். முத்திரை ஒட்டிய ஒரு தாளில் "இன்ன காணிக்கு இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறார்கள். நம்மவர்களும் அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஆனால் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை மட்டுமல்ல, பின்னால் விற்பேன் என்ற உடன்படிக்கையும் எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்படவேண்டும். மற்றத் தாள் எதுவானாலும் காசு கொடுத்ததற்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவே. அதைக் காட்டி "காணியை எனக்கு எழுதித் தா" என்று வழக்காட முடியாது. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதானால் நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதி, காசைக் காணிச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரே போடுங்கள். தரகரின் கையில் கொடுக்காதீர்கள்.

நொத்தாரிசை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். "நம்ம ஆள் இருக்காரு, செலவு குறைவு" என்று தரகர் கூட்டிப்போகும் நொத்தாரிசு நல்லவராகவும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் காசுக்கு உங்கள் ஆள்தான் பார்க்கவேண்டும். அவர் காணிப் பதிவகத்தில் பழைய ஏடுகளைத் தேடி, முப்பது வருடமாவது பின்னோக்கி யார் யார் கையில் காணி இருந்தது, வங்கியில் ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். இதற்கு ஒரு கட்டணம் உண்டு. கொடுக்கத் தயங்காதீர்கள்.

காணியின் வகையும் முக்கியம். ஜயபூமி, சுவர்ணபூமி என்ற அரசாங்க அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. "பிறகு எடுத்துத் தாறேன்" என்ற பேச்சை நம்பவேண்டாம். சில காணிகள் பிரிக்கப்படாத பங்காக இருக்கும். ஐந்து அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் விற்றால் நீங்கள் வாங்குவது ஒரு பங்கையே ஒழிய, அவர் கையைக் காட்டிய அந்த மூலையை அல்ல. இன்னும் சிலர் லயத்து வீட்டையும் தோட்டக் காணியையும்கூட விலை பேசுகிறார்கள். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் கம்பெனிகளின் கையில் குத்தகைக்கு இருக்கின்றன. லயத்தில் நாற்பது வருடம் இருந்தவருக்கும் அதை விற்கும் உரிமை இல்லை. இல்லாத உரிமையை உங்களுக்கு யார் தரமுடியும்?

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அற்றோணித் தத்துவம் என்னிடம் இருக்கிறது என்று தரகரே கையொப்பம் வைக்க வந்தால் நிதானம் தேவை. அந்தப் பத்திரம் பதியப்பட்டதா, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று நொத்தாரிசு உறுதிப்படுத்தவேண்டும். கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும்.

காணியைப் பார்க்க இரண்டு தரம் போங்கள். ஒரு தரம் தரகரோடு, ஒரு தரம் தனியாக. மழை நாளில் போனால் இன்னும் நல்லது. தரகர் "ரோட்டுல இருந்து பத்து நிமிஷம்" என்பார். அது அவருடைய கால் கணக்கு. முழங்கால் வலியோடு, அரிசி மூட்டையோடு, எழுபது வயதில் அந்தப் படிகளில் ஏற முடியுமா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். பாதை நில அளவையாளரின் பிளானில் இருக்கிறதா, பக்கத்துக்காரரின் தயவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பேர்ச் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: ஒரு ஏக்கர் 160 பேர்ச், ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. பத்துப் பேர்ச் என்று சொல்லி, பாதையையும் அதற்குள் சேர்த்து அளந்தால் வீடு கட்ட மிஞ்சுவது குறைவு.

நம்முடைய மலையில் மண்சரிவு பற்றிப் பேசாமல் காணி பற்றிப் பேச முடியாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025ஆம் ஆண்டு நவம்பரில் டிட்வா புயல் மழையில் மலையகம் முழுவதும் பட்ட பாடும் நமக்குத் தெரியும். நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்டப் பிரதேச சபையின் அனுமதி எடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. ஆகவே காசு கொடுக்கும் முன்பே அந்த இடத்தைப் பற்றி அங்கே விசாரித்துவிடுங்கள். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் சிலவேளை அந்தச் சரிவுதான்.

உறுதியில் யார் பெயர்? வீட்டில் சண்டை வரும் கேள்வி இது. "அப்பா, என் பேருல எழுதுங்க, பிறகு இன்னொரு செலவு வேணாம்" என்று பிள்ளை கேட்பது பாசத்தாலும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் காசில் வாங்கும் காணி உங்கள் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருப்பதே நல்லது என்பது நமது அபிப்பிராயம். பிள்ளைக்குத்தான் கொடுப்பதென்றால் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். அப்போது உயிர் உள்ளவரை அந்த வீட்டைவிட்டு உங்களைப் போகச் சொல்ல யாருக்கும் முடியாது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் நொத்தாரிசிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

முத்திரை வரி முதல் 100,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. எட்டு லட்சம் ரூபாய்க் காணிக்கு 31,000 ரூபாய் வரும். நொத்தாரிசின் கட்டணம் வேறு. இதை மிச்சம் பிடிக்க "விலையைக் குறைச்சுப் போடுவோம்" என்று தரகர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு விற்பனையில் பிரச்சினை வந்து காசைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், உறுதியில் இருக்கும் தொகையைத்தான் எதிராளி காட்டுவார்.

எங்கள் பக்கத்தில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. கையொப்பம் வைப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்தவேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வாங்குகிற நீங்களும் வெட்கப்படாமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். அங்கே போகும்போது தரகர் கொடுத்த தாள்கள், பிளானின் பிரதி, வங்கியில் போட்ட சிட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

உறுதி எழுதியவுடன் வேலை முடியவில்லை. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அதன் இணைப்பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். உங்கள் உறுதியும் பதியப்படவேண்டும். பதியாமல் கிடந்தால், அதே காணியை இன்னொருவர் பின்னால் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் அவர் கை ஓங்கிவிடும். ஆகவே ஒரு மாதம் கழித்துப் போய், பதிவு இலக்கம் போட்ட உறுதியைக் கையில் வாங்குங்கள். தரகர் "நான் வாங்கி வைக்கிறேன் தாத்தா" என்றால், "வேணாம் தம்பி, நானே வாறேன்" என்று சொல்லி பஸ் ஏறுங்கள்.