நியூஜெர்சியில் ஒரு சுவரொட்டி வேட்டை!

‘சுவரொட்டி’ என்றதும், கட்சிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பசை வாளியோடு வந்து ஒட்டிவிட்டுப் போவார்களே... அது ஞாபகத்துக்கு வந்தால் நீங்கள் சுத்த சைவம். மற்றவர்களுக்கு இந்நேரம் நாக்கில் ஜலம் ஊறியிருக்கும்! ஆட்டின் மண்ணீரல். சுவரில் விட்டெறிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நான் எறிந்து பார்த்ததில்லை. ஓர் ஆட்டுக்கு ஒன்றே ஒன்று இருக்கிற வஸ்துவை யாராவது சுவரில் எறிவார்களா சார்?

அந்த ஒரே ஒரு வஸ்துவைத் தேடி நியூஜெர்சியில் இரண்டு சனிக்கிழமை நாயாய் அலைந்தேன். காரணம், அப்பா.

அப்பா போய் ஒரு வருஷம். நினைவு நாளுக்கு மதுரைக்குப் போக முடியவில்லை. போனால் விசா முத்திரைக்குத் தேதி கிடைத்துத் திரும்பி வருவதற்குள் வேலை இருக்குமா என்பது சந்தேகம். அம்மா போனில் அழவில்லை. லிஸ்ட்தான் கொடுத்தாள்.

“நான் இங்க இலை போட்டுக்கறேன். நீ அங்க ஒரு இலை போட்டுடு. அப்பாவுக்குப் பிடிச்சது தெரியும்ல? குடல் குழம்பு, சுவரொட்டி வறுவல், நுரையீரல் பெரட்டல். கோழியை வாங்கி வச்சு ஏமாத்திடாத!”

அப்பா கறிக்கடையில் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நெல்பேட்டையில் ஆஜராகிவிடுவார். தொங்குகிற ஆட்டின் வாலைத்தான் முதலில் பார்ப்பார். வெள்ளாடா, செம்மறியா என்று வால் சொல்லிவிடும். அடுத்து, கிடாய்தானா என்று ஒரு பார்வை. அப்புறம்தான் வாயைத் திறப்பார். “பாய், நெஞ்செலும்பு அரைக்கிலோ குழம்புக்கு. தொடையில கால் கிலோ, சுக்காவுக்குத் தனியா. நல்லி ரெண்டு போடுங்க, பையன் உறிஞ்சுவான். சுவரொட்டி இருக்குல்ல?” புளியமரக் கட்டையில் கத்தி ‘டக் டக்’கென்று விழும். ஒரு துண்டு மாறிப் போனாலும் அப்பாவின் புருவம் ஏறும். பாயும் “சார், உங்களுக்கு மாத்திப் போடுவேனா?” என்பார். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது நியூஜெர்சி சூப்பர்மார்க்கெட்டில் நின்றபோதுதான் உறைத்தது.

அங்கே கறி எல்லாம் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு, ரத்தமே பார்க்காத மாதிரி சமர்த்தாகப் படுத்திருந்தது. சக், ரிப், லாயின், ரவுண்ட் என்று மாட்டுக்கு ஒரு பூகோளமே வைத்திருக்கிறார்கள். ஆட்டுப் பக்கம் போனால் ‘லேம்ப்’. அதாவது செம்மறிக் குட்டி. ‘மட்டன்’ என்று கேட்டால் கடைப்பையன் விழிக்கிறான். அவர்கள் இங்கிலீஷில் மட்டன் என்றால் முற்றிய செம்மறி. நாம் ஊரில் மட்டன் பிரியாணி என்று வெளுத்துக் கட்டுவது பெரும்பாலும் வெள்ளாடு, அதற்கு அங்கே பெயர் ‘கோட்’. அது சாதாரண சூப்பர்மார்க்கெட்டில் அபூர்வம்.

பெயர்களை நம்பவே கூடாது. ‘ஸ்வீட்பிரெட்’ என்று பார்த்துவிட்டு, காலை டிபனுக்கு ஆகுமே என்று கை நீட்டினேன். கூட வந்த ஆந்திராக்கார அறைத்தோழன் கையைத் தட்டிவிட்டான். ஸ்வீட்டும் இல்லை, பிரெட்டும் இல்லை. கன்றுக்குட்டியின் கணையச் சுரப்பி, இல்லாவிட்டால் தைமஸ் சுரப்பி! ‘மவுன்டன் ஆய்ஸ்டர்’ என்றும் ஒன்று உண்டு. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காளைக்குத்தான் நஷ்டம். இதற்கு மேல் விளக்க முடியாது, பெண்களும் படிக்கிற பத்திரிகை.

சரி, ஹலால் கடைக்குப் போனோம். பாகிஸ்தான்காரர், வெள்ளைத் தாடி, அன்பான முகம். ‘ஸ்ப்ளீன்’ என்று டிக்ஷனரி இங்கிலீஷில் கேட்டேன். புரியவில்லை. கறி வியாபாரத்தில் அதற்கு ‘மெல்ட்’ என்று பெயர் என்பது அப்போது எனக்கும் தெரியாது. வயிற்றின் இடது பக்கம் தட்டிக் காட்டினேன். முகம் மலர்ந்தது.

“தில்லி?”

“நோ நோ, மதுரை” என்றேன்.

“தில்லி, தில்லி!” என்று அவரும் தன் விலாவைத் தட்டுகிறார். இந்தியா-பாகிஸ்தான் பேச்சுவார்த்தை வழக்கம்போல் முறிகிற கட்டத்தில் அறைத்தோழன் புகுந்தான். உருதுவில் மண்ணீரலுக்குத் ‘தில்லி’ என்று பெயராம்!

பெயர் கிடைத்தது, பொருள் இல்லை. “ஆஸ்திரேலியா” என்று ஃப்ரீஸரைத் திறந்து காட்டினார். உலகத்திலேயே அதிகமாக ஆட்டுக்கறி ஏற்றுமதி செய்கிற நாடு ஆஸ்திரேலியா. அதிகமாக வாங்குகிற நாடு அமெரிக்கா. நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் காடுமேடெல்லாம் தானாகத் திரிகிற ஆடுகளைப் பிடித்து, அறுத்து, முழு ஆட்டை ஆறு துண்டாக்கி, உறையவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். ஈரல், குடல், சுவரொட்டியெல்லாம் முன்கூட்டியே நீக்கப்பட்டுவிடும். உறைந்த துண்டை இங்கே மின்சார ரம்பத்தில் வைத்து ‘ர்ர்ர்’ரென்று அறுக்கிறார்கள். நெஞ்செலும்பு, சப்பை, தொடை, கழுத்து எல்லாம் ஒரே அளவு கட்டியாக விழுகிறது, கேரம் போர்டு காய் மாதிரி. எலும்புத் தூள் வேறு ஒட்டியிருக்கும். நான்கு தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் குழம்பில் மணல் நறநறக்கும். அப்பா இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சைவமாகியிருப்பார்.

அமெரிக்காவில் ஆடே இல்லையா என்றால், இருக்கிறது. டெக்ஸாஸில் ஏராளம். ஒரு காலத்தில் அங்கே கறிக்காக அல்ல, மொஹேர் என்கிற ரோமத்துக்காக அங்கோரா ஆடு வளர்த்தார்கள். 1954-ல் வந்த கம்பளிச் சட்டப்படி கிடைத்த மானியம் 1995-ஓடு நின்றது. அதற்குச் சற்று முன்னால், 1993-ல், தென்னாப்பிரிக்காவின் ‘போயர்’ என்கிற கொழுகொழு கறியாடு அமெரிக்காவில் காலெடுத்து வைத்திருந்தது. ரோமத்தை விட்டுக் கறிக்குத் தாவினார்கள். ஆனால் அந்த ஆட்டின் பெரும்பங்கும் மெக்ஸிகோக்காரர்கள், அரபுக்காரர்கள், ஜமைக்காக்காரர்கள், நம்மவர்கள் வயிற்றுக்குத்தான். வெள்ளைக்கார அமெரிக்கருக்கு ஆடு என்றால் சீஸ்.

ஜமைக்காக்காரர் என்றதும் ஒரு விஷயம். என் ஆபீஸில் அந்த ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கிறார். என் சோகக் கதையைக் கேட்டுவிட்டு, “எங்கள் ஊரில் ஆட்டில் எதையும் எறிய மாட்டோம்” என்றார். 1845 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கொண்டுபோன மசாலாதான் அங்கே ஆட்டுக்கறிக் குழம்பாக நிற்கிறது. தலை, கால், குடல் எல்லாம் போட்டு வாழைக்காயோடு கொதிக்கவைத்த ஒரு சூப்புக்கு ‘மேனிஷ் வாட்டர்’ என்று பெயர். கல்யாண மாப்பிள்ளைக்கு முதலிரவன்று கொடுப்பார்களாம். (மணமாகாத வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.) அவர்தான் சொன்னார், “உயிரோடு விற்கிற இடத்துக்குப் போ.”

அடுத்த சனிக்கிழமை போனோம். ஆட்டைக் காட்டினால் அறுத்துத் தருகிற கடை. நியூஜெர்சி, நியூயார்க் பக்கம் இப்படிச் சில கடைகள் உண்டு. கத்தி பிடித்திருந்தவர் எகிப்துக்காரர். இந்தத் தடவை உஷாராகப் படித்துக்கொண்டு போயிருந்தேன். “திஹால்” என்றேன். மனிதர் துள்ளிவிட்டார்! அவர்கள் ஊரில் அதற்குள் பூண்டும் மசாலாவும் அடைத்துச் சாப்பிடுவார்களாம். கறுஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று எடுத்துத் தனிப்பையில் போட்டுக் கொடுத்தார். குடலும் கிடைத்தது. மின்சார ரம்பம் வேண்டாம், கத்தியாலேயே போடுங்கள் என்று கெஞ்சியதில் நெஞ்செலும்பும் நெஞ்செலும்பாகவே கிடைத்தது.

நுரையீரல்? கையை விரித்துவிட்டார். “கவர்ன்மென்ட்!”

நிஜம்தான். 1971-லிருந்தே அமெரிக்க விவசாயத் துறை எந்தக் கால்நடையின் நுரையீரலையும் மனிதர் சாப்பிட அனுமதிப்பதில்லை. இதில் நமக்குத் துணை யார் தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரர்கள்! அவர்களின் தேசியப் பலகாரமான ‘ஹேகிஸ்’ என்பது செம்மறியின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடு கலந்து இரைப்பையில் அடைத்து அவிப்பது. நுரையீரல் சேர்த்ததால் அமெரிக்கா உள்ளே விடுவதில்லை. ஜனவரி 25-ம் தேதி, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்தில், அமெரிக்காவாழ் ஸ்காட்லாந்துக்காரர்கள் நுரையீரல் இல்லாத ஹேகிஸைச் சாப்பிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள்.

அன்றைக்குக் குடலைக் குளியல் தொட்டியில் வைத்து, மஞ்சளும் சுடுதண்ணீரும் ஊற்றி ஒன்றரை மணி நேரம் அலசினேன். அறைத்தோழன் இன்றுவரை அந்தத் தொட்டியில் இறங்குவதில்லை. வறுவலுக்கு மிளகு போட்டதும் கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். ‘எங்கப்பாவுக்கு’ என்று மட்டும் சொன்னேன். என்ன புரிந்ததோ, தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

இந்தியன் கடையில் வாங்கிய உறைந்த வாழை இலையைச் சுடுதண்ணீரில் நனைத்து விரித்தேன். சோறு, குடல் குழம்பு, நெஞ்செலும்பு, நடுவில் சுவரொட்டி. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நுரையீரல் எங்கடா?”

“இந்த ஊர்ல சட்டம்மா. மாடோ, ஆடோ, நுரையீரலை விக்கக் கூடாதாம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“சரி, இலையில வலது ஓரமா அதுக்கு இடம் விட்டு வை. அவரு எப்பவும் அங்கதான் வச்சுக்குவாரு. கேட்டா... நான் சொல்லிக்கறேன்.”