மக்கள் எழுதும் சாசனம் – 6
சிலி இருமுறை சொன்ன ‘வேண்டாம்’

சிலி நாட்டின் பெட்டோர்கா பள்ளத்தாக்கில் மலைச்சரிவெங்கும் அவகாடோ தோட்டங்கள் பச்சைப் பசேலென்று நின்றன. கீழேயிருந்த வீடுகளுக்குக் குடிதண்ணீர் லாரியில் வந்தது. காரணம் வறட்சி மட்டுமல்ல. ஆற்று நீரை எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு அது சொந்தச் சொத்து என்று 1980ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமே சொல்கிறது.

அது பினோசேயின் ராணுவ ஆட்சி எழுதிய சட்டம். அதற்கு ஒப்புதல் கேட்ட வாக்கெடுப்பில் வாக்காளர் பட்டியலே கிடையாது. ஒன்றும் குறிக்காத வெற்றுச் சீட்டுகள்கூட ‘ஆம்’ கணக்கில் சேர்ந்தன. 1990இல் ஜனநாயகம் திரும்பியது, சட்டம் போகவில்லை. பலமுறை திருத்தினார்கள். ஆனாலும் கல்வி, தேர்தல் போன்ற அடிப்படைச் சட்டங்களில் கைவைக்க நாடாளுமன்றத்தில் வெறும் பெரும்பான்மை போதாது, ஏழில் நான்கு பங்கு வேண்டும் என்ற பூட்டு நீடித்தது.

2019 அக்டோபரில் தலைநகர் சாந்தியாகோவில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. மாணவர்கள் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள். ஜனநாயகம் திரும்பிய பிறகும் தீராத குறைகளைச் சொன்ன ‘முப்பது பெசோ அல்ல, முப்பது ஆண்டுகள்’ என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. அந்தப் போராட்டத்தின் விளைவாக மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் 78 சதவீதம் பேர் புதிய அரசமைப்புச் சட்டம் கேட்டார்கள்.

அதை எழுதும் அவையில் அமர்ந்தவர்கள் 155 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். பூர்வகுடிகளுக்கு 17 இடங்கள். முதல் தலைவர், மபூச்சே இனத்தைச் சேர்ந்த மொழியியல் பேராசிரியர் எலிசா லோன்கோன். நீர் யாருடைய சொத்துமல்ல, பொதுச்சொத்து என்று அவர்களுடைய வரைவு அறிவித்தது. 2022 செப்டம்பரில் 62 சதவீதம் பேர் அந்த வரைவை நிராகரித்தார்கள். பெட்டோர்காவிலும் பாதிக்கு மேற்பட்டோர் ‘வேண்டாம்’ என்றே குத்தினார்கள்.

வீடு பறிபோகும் என்ற பொய்ப் பிரசாரத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பழியை அதன்மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. 2020இல் வாக்களிப்பது விருப்பம். பாதிப் பேர்தான் வந்தார்கள். 2022இல் அது கட்டாயம். 85 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்களின் மனம் அன்றுதான் தெரிந்தது. வலதுசாரிகளுக்கு அவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அவர்களுடைய சம்மதம் இல்லாமலே மற்றவர்களால் பிரிவுகளை நிறைவேற்ற முடிந்தது, நிறைவேற்றினார்கள். 388 பிரிவுகள் கொண்ட அந்த வரைவை மொத்தமாக ஏற்க வேண்டும், அல்லது மொத்தமாகத் தள்ள வேண்டும். மக்களுக்கு வேறு வழியில்லை.

மீண்டும் ஒரு வரைவை எழுத அடுத்து அமைந்த அவையில் வலதுசாரிகளுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அவர்களும் தங்கள் விருப்பப்படியே எழுதினார்கள். 2023 டிசம்பரில் 55 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதையும் மறுத்தார்கள். பழைய சட்டமே நீடிக்கிறது.

இதை மக்களின் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். வென்றவர் எழுதித் தோற்றவர் தலையில் கட்டும் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு தரப்புக்கும் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சாசனம் எழுதப் புறப்படும் எந்த நாடும், தன்னை எதிர்ப்பவரையும் முதல் நாளே மேசைக்கு அழைக்க வேண்டும். சிக்கலான பிரிவுகளைத் தனித்தனியே மக்கள்முன் வைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் முழுமையான ஜனநாயகம் வராது.

(தொடரும்)