இயந்திரத்தின் மூச்சு

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். எனினும், காற்று வடிகட்டியைக் கழற்றியெறிந்துவிட்டு, வீதி அதிர மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞரை நாள்தோறும் காண்கின்றோம். "வடிகட்டியை எடுத்துவிட்டால் வண்டி பாயும், சேர்" என்பது மாணவர் கூற்று. அது பாயுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இயந்திரம் எண்ணெயை உண்டு உழைக்கின்றது என்று கருதுகின்றோம். உண்மையில் அது உட்கொள்வதிற் பெரும்பங்கு காற்றேயாம். நிறையளவிற் பார்த்தால், ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்குப் பதினான்கு பங்கிற்குச் சற்று மேற்பட்ட காற்று வேண்டும். இதனைக் கன அளவில் நோக்குமிடத்து, ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று உட்செல்லல் வேண்டும். ஆதலின், வலுவைக் கூட்ட விரும்புவோர் மூச்சைத் திருத்த முற்படுதல் இயல்பே. மாணவர் நோக்கிற் பிழையில்லை; வழியிலேதான் பிழை.

இயந்திரத்தின் மூச்சுக்குழலிற் கைவைத்தவர் நம்மவருள் முன்னரும் இருந்தனர். அவர்தம் நோக்கம் வேகமன்று; வண்டி எவ்வாறேனும் ஓடினாற் போதும் என்பதே. 1990ஆம் ஆண்டு ஆனித் திங்களிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடைப்பட்டது. எமது வாவியின் மேற்கே படுவான்கரைக்கும் எரிபொருள் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே சென்றது. அந்நாளிற் குடாநாட்டில் மொறிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்குவர். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய் தொடரும். வெண்புகை எழும், நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆயினும் நோயாளி வைத்தியசாலை சென்று சேர்வார்.

இது நிகழ்ந்தவாறு எங்ஙனம்? திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகின்றது. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த இயந்திரத்தினுள் அது துளிகளாய்ச் சுவரிற் படிந்துவிடும். எனவே, தொடக்கத்திற் பெற்றோலும், பின்னர் வெப்பமும் வேண்டப்பட்டன. மொறிஸ் மைனரில் காற்று உட்புகும் குழலும் புகை வெளியேறும் குழலும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புகையின் சூடு உட்செல்லும் கலவையைச் சென்று சேரும். இங்கிலாந்தின் குளிருக்குப் பயன்பட்ட அவ்வமைப்பு எமது வெயில் நாட்டிலே மண்ணெண்ணெய்க்குத் துணைநின்றது! அன்றியும், அப்பழைய இயந்திரங்கள் கலவையை ஏழு, எட்டு மடங்கே நெருக்கின. மேலும் நெருக்கியிருந்தால், சுடர் வந்து சேருமுன் மண்ணெண்ணெய் தானே வெடித்து முசலத்தை அறைந்திருக்கும்.

இவ்வித்தைக்கு விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிற் கரி படியும். சூடான இயந்திரத்தின் அருகே பெற்றோற் போத்தலை வைத்துக்கொண்டு செய்யும் வேலையின் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமோ? முகத்துவாரத்தினூடாகக் கடலுக்குச் செல்லும் படகுகளின் மண்ணெண்ணெய் இயந்திரங்களும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவனவே. ஆனால், அவை அதற்கெனவே ஆக்கப்பட்டவை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, இன்றைய கார்களிலும் இதனைச் செய்யலாகாதா எனக் கேட்டோர் உளர். பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்கும் இன்றைய இயந்திரம் அதனைத் தாங்காது.

இனி, மாணவர் கூற்றுக்கு வருவோம். மண்ணெண்ணெய்க்கு உதவிய அதே சூடு பெற்றோல் இயந்திரத்தின் வலுவுக்குப் பகை. காற்றுச் சூடேறினால் விரியும். ஒரே கொள்ளளவினுள் அடங்கும் நிறை குறையும். 30 பாகையிலுள்ள வெளிக்காற்றுக்குப் பதிலாக, 60 பாகையிலுள்ள இயந்திர அறைக் காற்றை உறிஞ்சும் காரானது நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்றை இழக்கின்றது. காரின் வடிகட்டிப் பெட்டியை அகற்றி, அழகிய கூம்பு வடிகட்டியொன்றை இயந்திரத்தின் பக்கத்திலே பூட்டுவோர் செய்வது இதுவே. பெட்டியிலிருந்து முன்புறமாய் நீண்டு குளிர்காற்றை ஏற்கும் குழாயை வீண்பொருளென எண்ணிக் கழற்றிவிடுகின்றனர்.

காபுரேற்றர் உள்ள மோட்டார் சைக்கிளிலோ நிலைமை வேறு. வடிகட்டியை நீக்கினால் காற்று மிகும். எரிபொருள் அதற்கேற்ப மிகாது. கலவை மெலிந்து இயந்திரம் கொதிக்கும். எரிபொருள் வரும் ஜெற்றையும் அளவறிந்து மாற்றினாலன்றிப் பயனில்லை. ஆயினும் வண்டி பாய்வதாகவே ஓட்டுபவனுக்குத் தோன்றும். காரணம் ஓசை. வடிகட்டிப் பெட்டி அடக்கிவைத்திருந்த உறிஞ்சலொலி வெளிப்பட்டு உறுமுகின்றது. ஓசை மிகுந்தாற் பொருளும் மிகுந்ததென மயங்குவோரைச் செய்யுள் வகுப்பிலும் கண்டிருக்கின்றேன்.

இவற்றினும் கொடியது தூசி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், முன்னர்ப் பாதையிலேறி வாவியைக் கடந்த இளைஞர் இப்போது நொடிப்பொழுதிற் படுவான்கரையை அடைகின்றனர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ளூர்க் கிறவல் வீதிகளிற் கோடையில் எழும் புழுதியை அறியாதார் யார்? அம்மணற்றுகள் இரும்பைக் கீறும் வன்மையுடையது. வடிகட்டியின்றி உட்புகுந்தால், மசகெண்ணெயுடன் கலந்து அரைக்கும் பசையாகி, முசல வளையங்களைத் தேய்த்துவிடும். அப்பால் நெருக்கம் குறையும், நீலப்புகை எழும், தேடிய வலுவுடன் இருந்த வலுவும் போம்.

கைவேலை செய்ய விரும்பும் மாணவர்க்கு இடமில்லாமலில்லை. வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். ஒளி புகாவிடின் புதியது வாங்குங்கள். குளிர்காற்றுக் குழாய் தன்னிடத்தில் உள்ளதா, காபுரேற்றருக்கும் இயந்திரத்துக்கும் இடையேயுள்ள இறப்பர் வெடித்துள்ளதா என்று நோக்குங்கள். வெடிப்பிருப்பின், வண்டி ஓய்ந்து நிற்கையில் இயந்திரம் சீராக ஓடாது ஏறியிறங்குவதைக் கொண்டே அதனை ஐயுறலாம்.