பட்டினி கிடந்தா பட்டுனு இளைக்குமா?

கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் ஒரே மாசம். போன வருஷ ஜீன்ஸ் பட்டன் போட முடியலை. உடனே என்ன பண்றீங்க? காலையில டிபன் கட், மதியம் அரை ஆப்பிள், ராத்திரிக்கு வெறும் தண்ணி. கரெக்ட்டா?

முதல் வாரம் எடை மெஷின் ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டலாம். துள்ளிக் குதிக்காதீங்க... அதுல பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தண்ணி! கல்லீரலும் தசையும் சேர்த்து வெச்சிருக்கிற கிளைக்கோஜன் கரையும்போது, அதோட இருந்த தண்ணியும் வெளியேறிடும். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துடும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்புல இருக்கறது சுமார் 7,700 கலோரி. 'மாசத்துல பத்து கிலோ'னு விளம்பரம் பண்றாங்களே... அது அத்தனையும் கொழுப்பாவே குறையணும்னா தினமும் 2,500 கலோரிக்கு மேல குறைக்கணும். நம்மில் பலர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடறதே அவ்வளவு வராது!

தினமும் 500 கலோரி குறைச்சா, வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ. போகப் போக வேகம் குறையும். எடை குறையக் குறைய உடம்போட தேவையும் குறையுதே!

அந்த 500-ஐ எங்கே பிடிக்கறது? 50 கிராம் சிப்ஸ் பாக்கெட்டுல சுமார் 270. 300 மில்லி கோலாவுல சுமார் 125. நாலு டீயில சர்க்கரையைப் பாதியாக்கினா 60. கூடவே அரை மணி நேரம் வேகமா நடந்தா நூறுக்கு மேல. கணக்கு முடிஞ்சுது! இட்லியில கைவைக்கவே இல்லை, கவனிச்சீங்களா?

நடந்துட்டு வந்து பரோட்டா கடையில உட்கார்ந்தா மட்டும் நாங்க பொறுப்பில்லை. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியாவது வேணும்கறது உலக சுகாதார நிறுவனத்தோட சிபாரிசு. ரெண்டு நாள் தண்டால், பஸ்கினு சேர்த்துக்கிட்டா தசையும் தப்பிக்கும்.

பட்டினியோட விலை என்னன்னு தெரியணுமா? 1944-45ல அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், ஆறு மாசம், ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. எடை கால் பங்கு குறைஞ்சுது. கூடவே சோர்வு, எரிச்சல், மன அழுத்தம். நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிச்சுப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க! கிளாஸ்ல பாடம் ஏறாம கேன்டீன் மட்டும் கண்ணுக்குத் தெரியுதே, அதே கதைதான்.

உங்களுக்கு நிஜமாவே எடை குறையணுமா, இல்லை யாரோ 'குண்டு'னு கிண்டல் பண்ணினதாலயா? அதை முதல்ல யோசிங்க. ரூம்மேட் யாராச்சும் சாப்பிட்டதை ரகசியமா வாந்தி எடுத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, மாதவிலக்கு நின்னுபோனாலோ, அதுக்குப் பேரு டயட் இல்லை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

ஜீன்ஸை ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கலாம் பாஸ். உடம்பை?