வளவும் ஒழுங்கையும்: கல்முனைக் கரையோர ஊர்களின் வளர்ச்சி

நகரங்களின் தோற்றத்தை ஆராய்வோர் துறைமுகம், கோட்டை, சந்தை ஆகியவற்றையே முதலில் தேடுவர். சில நகரங்களுக்கு வரைபடமே கருவாய் அமைந்ததுமுண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், 1682இல் வில்லியம் பென்னுக்காக வகுக்கப்பட்ட நேர்கோட்டு வீதிகளின் மீதே வீடுகள் எழுந்தன. கல்முனைக்கு அத்தகைய வரைபடம் எதுவும் இருக்கவில்லை. தமிழ் ஊர்களை இடையிட்டு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களின் உருவத்தை நிர்ணயித்ததில் பெரும்பங்கு திருமண முறைக்கே உரியது.

போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயினும் அரசாணை குடியேற்றத்துக்கு வழிவிடுமேயன்றி ஒழுங்கைகளை வகுப்பதில்லை. அவற்றை வகுத்தது தாய்வழிக் குடி முறையாகும். அயலிலுள்ள இந்துத் தமிழரும் கைக்கொண்ட இம்முறையில், பிள்ளைகள் தாயின் குடியையே சார்வர். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்காயர் இடம்பெறுவது வழக்கமாயிருந்தது.

மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் அங்கு வந்து வாழ்வான். இது இஸ்லாமிய வாரிசுரிமையோடு எவ்வாறு பொருந்தியது? அச்சட்டம் பங்கிடுவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தை. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்குக் கைமாறிய வீடு அப்பங்கீட்டினுள் வருவதில்லை.

முதல் மகள் மணமுடித்ததும் பெற்றோர் வீட்டை அவளிடம் விட்டு, அதே வளவில் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு மற்றொரு வீடு எழும். இரண்டு தலைமுறைகளில் வளவு துண்டுபடும். பின்வீட்டார் வீதிக்கு வர ஒழுங்கை ஒன்று பிறக்கும். சகோதரிகளே அயலவராயினர். உம்மாவின் அடுப்புக்கும் மகளின் அடுப்புக்கும் சில முழமே இடைவெளி. ஆடவர் வயலுக்கும் கடலுக்கும் வியாபாரத்துக்கும் சென்ற பகற்பொழுதில் வளவு பெண்களின் உலகமாயிருந்தது. மருதமுனையிலோ வீடே தொழிற்கூடமுமாயிற்று. கைத்தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றும் வேலை பெரும்பாலும் பெண்களின் கையிலேயே நடந்தது. இவ்வமைப்பை மிகைப்படப் புகழ்தல் பொருந்தாது. பெண்ணுக்குக் காப்பாயிருந்த அதே வீடு, அதைக் கட்டிக்கொடுக்க வழியற்ற ஏழைத் தந்தைக்கும் சகோதரர்க்கும் பெருஞ்சுமையாயிற்று.

வளவுகள் பெருகப் பெருக ஊர் எங்கே விரிவது? கிழக்கே கடல், மேற்கே, ஊருக்குச் சோறிடும் நெல்வயல். அதற்கும் அப்பால், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் எழுந்தன. இவற்றிற் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களுக்கே கிடைத்தன. அங்கு செல்லுபடியான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் ஆண்களையே முன்வைத்தது. இவ்வாறு தாய்வழிக் காணியும் ஆண்வழிக் காணியும் 1961இல் உருவான அம்பாறை என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்கின. கரையோர மக்களோ ஒடுங்கிய மணற்பரப்பிலேயே மேன்மேலும் நெருங்கினர். வறியோர் கடலோரம்வரை தள்ளப்பட்டனர்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியது இந்நெருக்கத்தையே. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்ட அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடர்ந்து, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர்வரை மீளக் கட்டலாகாது என அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், ஒடுங்கிய இந்நிலத்தில் அவ்வறிவிப்பின் பொருள் யாதென ஊகிக்கலாம்.

இதனினும் குறைவாகவே பேசப்பட்டது உறுதிப்பத்திரப் பிரச்சினை. அழிந்தவற்றிற் பல பெண்களுக்குச் சீதனமாய் வந்த வீடுகள். ஆனால் நிவாரணப் படிவங்கள் கேட்டது குடும்பத் தலைவரின் பெயரை. மாற்று வீடுகள் பல கணவன்மாரின் பெயரிலேயே எழுதப்பட்டன. தம் வீட்டை இழந்த மனைவியர், புதிய வீட்டில் உரிமையற்றவராயினர். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரித்தையேனும் தருமாறு கோரின. அந்நேரம் பல பத்திரங்கள் ஏற்கனவே கையொப்பமிடப்பட்டிருந்தன.