ஒட்டிய பெயர்

வீடிழந்தவருக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம். ஆனால் "முகாம் ஆக்கள்" என்று ஒருவர் மேல் ஒட்டிய பெயரைக் கழற்றுவது எப்படி? தெல்லிப்பழைப் பிரதேச மக்களோடு பழகிய நாள் முதல் எம்மை வருத்தும் கேள்வி இது.

1990 ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டதும் பலாலி, மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை மக்கள் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்றே நம்பினர். அவர்களுடைய ஊர்களோ உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஏனையோரும் அகதி வாழ்வை அறிந்தனர். 1996இல் அவர்களிற் பலர் வீடு திரும்பினர். வலிகாமம் வடக்கு மக்களிற் பலருக்கு ஊர் திறக்கவில்லை.

பணமும் உறவும் உள்ளவர்கள் வாடகை வீடு பிடித்தனர். சிலர் வெளிநாடு சென்றனர். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், மல்லாகம் கோணப்புலம் முகாம் போன்றவற்றில் கால் நூற்றாண்டு தங்க நேர்ந்தவர்களிற் பலர் கூலி விவசாயிகளும் கடற்றொழிலாளரும் சொந்தக் காணி அற்றோருமே. சாதியின் பெயரால் முன்பே ஒதுக்கப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர்.

தண்ணீர் அள்ளப் போனால் முகச்சுளிப்பு. அயலில் களவு போனால் முதற் சந்தேகம் முகாம் மீது. பாடசாலையிலும் பிள்ளைக்குப் பெயருக்குப் பதில் 'முகாம்'. இப்படி வளர்ந்த பிள்ளை கூட்டத்தில் பின்வரிசையிலேயே இருக்கும். கேட்டால் பேசாது, பேசினால் வெடுக்கென்று பேசும். நாம் உடனே "திமிர்" என்கிறோம். பலமுறை அடிபட்டவன், அடுத்த அடி விழுமுன் கையால் முகத்தை மறைப்பது திமிரா?

"நிவாரணத்துக்குப் பழகிவிட்டார்கள்" என்றும் சொல்கிறோம். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்த கைகள் அவை. காணியும் கிணறும் இல்லாத இடத்தில் எதைச் செய்வது?

இப்பிழையை நாமும் செய்ததுண்டு. ஒரு கூட்டத்தில் வந்திருந்தோரை முகாமின் பெயரால் அழைத்தோம். முதியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, நான் பலாலியில குத்தகைக்கு எட்டுப் பரப்பு வெங்காயம் செய்தனான். எனக்குப் பேரும் இருக்கு, ஊரும் இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டது. வேறு காணிகளும் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் உறுதி இல்லாதவருக்குக் காணி விடுவிப்பு மட்டும் விடையாகாது. ஊர் திரும்பிய பின்னரும் பழைய பெயர் சிலரைத் தொடர்கிறது.

அன்பான வாசகர்களே, நீங்களும் இடம்பெயர்ந்தவர்களே. உங்கள் சங்கத்திற்குப் புதிதாக வருபவரிடம் எந்த முகாம் என்று கேளாதீர்கள். எந்த ஊர், என்ன பயிர் செய்தீர்கள் என்று கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். உங்கள் கிணற்றைத் திறந்து விடுங்கள்.

பின்வரிசையில் இருப்பவர் நீங்களாயின், இதை நினைவில் வைத்திருங்கள்: முகாம் உங்களுக்கு நேர்ந்த ஒன்று. அது உங்கள் குணமுமல்ல, பெயருமல்ல.